பதிவேட்டின் மேல் உட்கார்ந்தவர்

ஒரு ஊரிலே ஒரு பஸ் டிப்போ இருந்ததாம். அந்த டிப்போவிலே ஒரு டைம் கீப்பர் இருந்தாராம். நூற்றிருபது பஸ்ஸும் அவர் சொன்ன நிமிஷத்தில் கிளம்பும், அவர் சொன்ன நிமிஷத்தில் வந்து நிற்கும். வீட்டுக்குள் மட்டும் அவர் பேச்சு ஸ்டார்ட் ஆகாது. தள்ளிவிட்டாலும் ஆகாது.

அவர் மனைவிக்கும் அதே டிப்போவில்தான் வேலை. டிரைவர். பதினோரு வருஷமாக டவுன் பஸ். ஏறி இறங்கி, பிரேக் மிதித்து மிதித்து அலுத்துப்போய், வெளியூர் வண்டி வேண்டும் என்று கிளம்பிவிட்டாள். விருப்பம் உள்ளவர்கள் புதன்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டவர்களில் யார் மூத்தவரோ அவருக்கு வண்டி. இருப்பவர்களில் மூத்தவள் அவள்தான்.

பதிவேடு இருப்பதோ டைம் கீப்பர் மேஜையில்.

"ஆறு மணி நேர ஓட்டம்டி. நடுவுல ஒரே ஒரு இடத்துலதான் நிறுத்துவாங்க. பொம்பளை உடம்பு தாங்குமா?"

"தாங்கும்."

"அவசரம்னா எங்கே ஒதுங்குவே?"

"அதை நான் பார்த்துக்கறேன். உங்க நிஜக் கவலையைச் சொல்லுங்க."

"எனக்கென்ன கவலை?"

"வாரத்துல மூணு நாள் காலையில காபி யார் போடுவாங்கற கவலை."

அதுதான் கவலை.

"நான் கையெழுத்துப் போடத்தான் போறேன். யார் குறுக்கே படுத்தாலும் போடுவேன்" என்றாள் அவள். குறுக்கே படுப்பதெல்லாம் பழைய முறை. டைம் கீப்பர் கையில் புது முறை ஒன்று இருந்தது.

அந்த மாதம்தான் தலைமை அலுவலகத்தில் இருந்து உத்தரவு வந்திருந்தது. டிப்போவில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் போதைப் பொருள் சோதனை. எச்சிலும் எடுக்க வேண்டும், சிறுநீரும் எடுக்க வேண்டும். எடுப்பதற்கு டைம் கீப்பருக்கும் முதலுதவி அறை நர்ஸுக்கும் ஒரு நாள் பயிற்சி கொடுத்து, ஆளுக்கொரு கையேடும் கொடுத்திருந்தார்கள். டைம் கீப்பர் அதைப் புரட்டினார். ஏழாம் பக்கத்தில் அவர் கண் குத்திட்டு நின்றது.

சிறுநீர் வரவில்லை என்பவரை மூன்று மணி நேரம் வரை அறையிலேயே வைத்திருக்க வேண்டும். குடிக்கத் தண்ணீர் கொடுக்கலாம். நடுவில் எழுந்து வெளியே போனால், சோதனைக்கு மறுத்ததாகக் கணக்கு. மறுத்தால், போதையில் பிடிபட்ட மாதிரியே.

ஒன்பது மணிக்கு ஆரம்பித்தால் பன்னிரண்டு. டைம் கீப்பருக்கு மணிக் கணக்கு தப்பவே தப்பாது. இன்னொரு விஷயமும் அவருக்குத் தெரியும். இந்தப் பதினோரு வருஷத்தில் அவர் மனைவி டிப்போ கழிப்பறைப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை.

சோதனைக்கு ஆளைக் குலுக்கல் போட்டுத்தான் எடுக்க வேண்டும். போட்டார். யார் பேர் வந்தது என்கிறீர்களா? நாற்பது சீட்டிலும் ஒரே பேரை எழுதிப் போட்டால் வேறு யார் பேர் வரும்?

புதன்கிழமை காலை. வீட்டில் அவள் கேட்காமலே ஒரு காபி கொடுத்தாள். பின்னாலேயே இரண்டாவது வந்தது. மூன்றாவதைக் கையில் திணித்து, "குடிங்க, இன்னைக்கு உங்களுக்கு நிறைய வேலை" என்றாள். அவர் குஷியில் மூன்றையும் குடித்தார். மனிதன் வீழ்வது குஷியில்தான்.

ஒன்பது மணிக்குச் சோதனை அறை தயார். கழிப்பறைக் குழாயைத் திறக்க முடியாதபடி டேப் சுற்றியிருந்தார். யாரும் தண்ணீரைக் கலந்து ஏமாற்றக் கூடாது என்று தொட்டியில் நீலச் சாயம் ஊற்றியிருந்தார். சோப்பு, குப்பைக்கூடை எல்லாம் வெளியே. வெளியூர் வண்டிப் பதிவேட்டைக் கையோடு கொண்டுவந்து நாற்காலியில் போட்டு, அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"அது எதுக்குங்க அங்கே?"

"நாற்காலி பள்ளமா இருக்கு. பாக்கெட்ல இருக்கறதை எல்லாம் எடுத்து வை. முதல்ல எச்சில். கடைசி பத்து நிமிஷத்துல வாயில ஏதாவது போட்டியா?"

"இல்லை."

"வாயைத் திற, பார்க்கணும்."

"பதினோரு வருஷமா மூடு மூடுன்னீங்க. இன்னைக்குத் திறங்கறீங்க. ஒரு முடிவுக்கு வாங்க."

"நாக்கைத் தூக்கு."

"தூக்கினா தாங்குவீங்களா?"

பஞ்சு வைத்த குச்சியை அவளே உறையைப் பிரித்து எடுத்து, நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டாள். முனை நிறம் மாறும் வரை பேசக் கூடாது. டைம் கீப்பரின் இல்லற வாழ்க்கையிலேயே அமைதியான நான்கு நிமிஷம் அது. குச்சியைக் குப்பியில் போட்டு, அவள் கண் முன்னாலேயே முத்திரை ஒட்டி, அதில் அவள் கையெழுத்தை வாங்கினார். அது வரை ஒரு குறையும் சொல்ல முடியாது.

"அடுத்து சிறுநீர். கையைக் கழுவிட்டு வா. இந்தா கப். நாப்பத்தஞ்சு மில்லி. எடுத்ததும் நாலு நிமிஷத்துக்குள்ள கொண்டு வரணும். கப்ல ஒட்டியிருக்கே பட்டை, அது சூடு சரியா இருக்கான்னு காட்டிடும்."

அவள் உள்ளே போனாள். அவர் கதவுக்கு வெளியே நின்றார். கதவு திறந்தது. கப் காலி.

"வரலை."

"அடடா" என்றார். சந்தோஷத்தை மறைக்க இருமினார். "வரலைன்னா எழுதிக்கணும். மணி ஒன்பது இருபது. பன்னண்டு இருபது வரைக்கும் நீ இங்கேதான். வெளியே போனா வேலையே போயிடும். சட்டம்!"

"கதவுல காதை ஒட்ட வச்சுக்கிட்டு நின்னா எந்தப் பொம்பளைக்கு வரும்?"

"கேட்கணும்னு கையேட்டுல இருக்கு. தண்ணி குடி." மறுபடி பதிவேட்டின் மேல் உட்கார்ந்து, ஒரு பெரிய ஜக்கை நகர்த்தினார்.

"குடிக்கணும்னு கட்டாயமா?"

"கட்டாயம் இல்லை."

"அப்ப குடிக்க மாட்டேன். நீங்க வெளியே போகலாமா?"

"நானா? கூடாது. உன்னைத் தனியா விட்டா சோதனையே ரத்து."

அவள் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, வசதியாக உட்கார்ந்தாள். "நல்லது" என்றாள்.

பத்து மணிக்கு அவர் காலை மாற்றிப் போட்டார். பத்தரைக்கு இரண்டு காலையும் பின்னிக்கொண்டார். பதினொன்றுக்கு நெற்றி வியர்த்தது.

அவள் ஜக்கை எடுத்தாள். டம்ளரில் ஊற்றினாள். உயரத்தில் இருந்து, மெதுவாக, நூல் மாதிரி.

"எதுக்குடி ஊத்தறே? குடிக்க மாட்டேன்னே?"

"பொழுது போகணுமே." டம்ளரிலிருந்து ஜக்குக்கு. ஜக்கிலிருந்து டம்ளருக்கு. "போன மாசம் பஸ்ஸை ரோட்டோரமா நிறுத்தற அளவுக்கு ஒரு மழை பெய்ஞ்சுதே, ஞாபகம் இருக்கா? கண்ணாடி பூரா சளசளன்னு…"

"மழையைப் பத்திப் பேசாதே!"

"சரி. அருவி பத்திப் பேசட்டுமா?"

"அந்த ஜக்கைக் கீழே வை!"

"ஏங்க உடம்பு இப்படி நடுங்குது? காலையில மூணு காபி நான் சும்மாவா குடுத்தேன்? உங்க கையேட்டை நீங்க குளிக்கறப்ப எல்லாம் படிச்சிருக்கேன். எழுந்திருங்க. போயிட்டு வாங்க."

"மாட்டேன். செத்தாலும் எழுந்திருக்க மாட்டேன்!"

"ஆறு மணி நேரம் பொம்பளை உடம்பு தாங்குமான்னு கேட்டீங்களே. எனக்கு இன்னும் ஒண்ணும் ஆகலை. ஆம்பளை உடம்பு ரெண்டரை மணி நேரம் தாங்கலையே?"

டைம் கீப்பர் பல்லைக் கடித்தார். மேஜையைப் பிடித்தார். ஒன்று முதல் நூறு வரை எண்ணினார். தலைகீழாக எண்ணும்போது எழுபத்தி மூன்றில் தோற்றார். அறையோடு ஒட்டிய கழிப்பறையைச் சோதனை முடியும் வரை சோதனைக்கு வந்தவரைத் தவிர யாரும் தொடக் கூடாது. அதில் போக முடியாது. பணிமனைக் கோடியில், டீசல் பம்புக்கு அந்தப் பக்கம்தான் இன்னொன்று. எழுந்தார். ஓடினார். நூற்றிருபது பஸ்ஸில் ஒன்றுகூட அந்த டிப்போவிலிருந்து அந்த வேகத்தில் கிளம்பியதில்லை.

திரும்பி வரும்போது முகம் தெளிவாக இருந்தது. அறைக்குள் வந்ததும் மறுபடி கலங்கியது. அவர் ஓடியதைப் பார்த்து என்னவோ ஏதோ என்று வந்த மேனேஜர் நின்றுகொண்டிருந்தார், கையில் பதிவேடு. பக்கத்தில் நர்ஸ். மனைவி இருந்த இடத்தை விட்டு அசையவே இல்லை. நாற்காலிதான் கை எட்டும் தூரத்தில் இருந்ததே.

"பதினொண்ணு நாப்பத்திரெண்டுக்குக் கையெழுத்து. சரியா இருக்கு" என்றார் மேனேஜர். "வெளியூர் வண்டி அம்மாவுக்குத்தான்."

"செல்லாது சார்! சோதனை நடந்துக்கிட்டிருக்கும்போது போட்ட கையெழுத்து!"

"எந்தச் சோதனை? பொண்டாட்டிக்குப் புருஷன் சோதனை எடுக்கறதே செல்லாதுய்யா. நெருங்கின சொந்தம் எடுக்கக் கூடாதுன்னு ரெண்டாம் பக்கத்துலயே போட்டிருக்கே, படிக்கலையா?"

"நான்… நேரா ஏழாம் பக்கத்துக்குப் போயிட்டேன் சார்."

"நர்ஸம்மா, நீங்க புதுசா எடுங்க."

நர்ஸ் புது டப்பாக்கள் இரண்டை நீட்டினார். எச்சில் முடிந்ததும் அவள் ஒரு டப்பாவைத் தேர்ந்தெடுத்தாள். கையைக் கழுவினாள். உள்ளே போய் மூன்று நிமிஷத்தில் வந்தாள். பட்டை பச்சை காட்டியது. இரண்டு குப்பி, இரண்டு முத்திரை, ஒரு கையெழுத்து. முடிந்தது.

டைம் கீப்பர் அவள் காதருகே குனிந்தார். "ரெண்டாம் பக்கம் உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏண்டி ஒன்பது மணிக்கே சொல்லலை?"

"சொல்லியிருந்தா நீங்க வேற ஒரு வழி தேடியிருப்பீங்க. பதிவேட்டைத் தூக்கிக்கிட்டு வேற எங்காவது போயிருப்பீங்க. இப்ப என்ன ஆச்சு? நீங்களே அதை என் பக்கத்துல கொண்டு வந்து வச்சு, ரெண்டரை மணி நேரம் காவலும் காத்தீங்க."

மேனேஜர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பதிவேட்டோடு வெளியேறினார். டைம் கீப்பரும் நழுவப் பார்த்தார். நர்ஸ் கதவருகே நின்றார்.

"நீங்க எங்கே போறீங்க? உட்காருங்க. படிவத்துல குறிப்புக் கட்டத்துல எழுதியிருக்காங்க பாருங்க. அதிக வியர்வை. நடுக்கம். ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாமை. திடீரென ஓட்டம். கையேட்டுப்படி இதெல்லாம் சந்தேகத்துக்குரிய அறிகுறி. உங்களைச் சோதிக்காம விட முடியாது."

"யார் எழுதினது?"

யார் எழுதினது என்று அவருக்கே தெரியும். வீட்டு மளிகைச் சீட்டில் தினம் பார்க்கும் கையெழுத்து.

"இந்தாங்க கப்" என்றார் நர்ஸ்.

"ஐயோ, இப்பத்தானேம்மா போயிட்டு வந்தேன்! ஒரு சொட்டுகூட இல்லையே!"

நர்ஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறித்துக்கொண்டார்.

அவள் தோள்பையை மாட்டிக்கொண்டாள். ஜக்கை அவர் பக்கம் அன்பாக நகர்த்தினாள். "ரெண்டு மணிக்கு என் வண்டி. முதல் ஓட்டமாச்சே, கையசைக்க வாசலுக்கு வருவீங்கன்னு நினைச்சேன். பரவாயில்லை, ரெண்டு ஹாரன் அடிக்கறேன், இங்கிருந்தே கேட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டு, சாவியைச் சுழற்றிக்கொண்டே வண்டி நிற்கும் பக்கமாக நடந்து போனாள்.