பாய்லர்காரரும் மண் கணப்பும்

"டிக்" என்று ஒரு சத்தம் கேட்டது.

பாய்லர்காரர் காதைத் தீட்டிக்கொண்டார். முப்பத்து நாலு வருடம் ஆலையில் நீராவிக் கொதிகலனுக்குப் பக்கத்தில் நின்ற காது அது. எந்த வால்வு எப்போது முனகும், எந்தக் குழாய் எப்போது விசும்பும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடும். அந்தக் காதுக்கு இந்த 'டிக்' பிடிக்கவில்லை.

"ஏங்க, என்னவோ சத்தம் கேட்டுச்சே?" என்றாள் மனைவி, பின்வாசலில் டீ டம்ளரோடு நின்றபடி.

"ஒண்ணுமில்ல. சூடு ஏறுது."

ஏறிக்கொண்டிருந்தது ஒரு மண் கணப்பில். பானை மாதிரி வயிறு, முன்பக்கம் விறகு போட ஒரு வாய், மேலே புகை போக நீண்ட கழுத்து. குளிர் மாலைகளில் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து காய்வதற்கான சமாசாரம். அன்று மத்தியானம்தான் கடை வண்டியில் வந்து பின்முற்றத்தில் இறங்கியிருந்தது.

ஓய்வு பெற்ற இரண்டு மாதத்தில், வீட்டில் திருகக்கூடியது எல்லாவற்றையும் அவர் திருகி முடித்திருந்தார். ஒழுகாத இரண்டு குழாய்கள் அவர் திருகிய பிறகு ஒழுக ஆரம்பித்தன. பாதி நாள் ஜன்னலோரம் உட்கார்ந்து, எதிர்வீட்டுச் சுவரை வெறித்துக்கொண்டிருப்பார். சாப்பிடக் கூப்பிட்டால் மூன்றாவது முறைதான் திரும்புவார். மத்தியானங்களில் மனைவி எங்கோ போய்விட்டுச் சாயங்காலம் திரும்புவதுகூட அவர் கண்ணில் படாது. "நெருப்பைப் பார்க்காம உங்களுக்கு இருப்புக் கொள்ளல" என்று மனைவிதான் இதை வரவழைத்தாள்.

வண்டி போனதும் அவள் ஆசையோடு ஆரம்பித்தாள். "இது வந்துங்க, முதல்ல கொஞ்சமா…"

"நெருப்பைப் பத்தி எனக்கா சொல்லித் தரே?" என்று அவர் சிரித்துவிட்டார். அதோடு அவள் நிறுத்திக்கொண்டாள். அவர் தன் பழைய சகாவான ஃபிட்டருக்குப் போன் போட்டு, "வீட்டிலேயே ஒரு மண் பாய்லர் வெச்சிட்டேன்யா!" என்று பீற்றிக்கொண்டார். பிறகு கணப்பின் வயிற்றில் கழுத்துவரைக்கும் விறகைத் திணித்துக் கொளுத்தினார்.

இப்போது கழுத்துக்கு மேலே ஒரு முழ உயரத்துக்கு நெருப்பு நின்று ஆடியது.

"டிக். டிக். டடக்."

கணப்பின் வயிற்றில் ஒரு மெல்லிய கோடு விழுந்தது. பாய்லர்காரர் பாய்ந்து போய் வாளித் தண்ணீரைத் தூக்கினார்.

"ஊத்தாதீங்க!"

முப்பது வருடத்தில் அவள் இப்படி அலறி அவர் கேட்டதில்லை. கேட்டபோது தண்ணீர் பாதிவழியில் இருந்தது. சுர்ரென்று ஒரு சீற்றம். முற்றம் முழுக்க ஆவி. அது கலைந்தபோது அந்த மெல்லிய கோடு வாயிலிருந்து கழுத்துவரை ஆறு மாதிரி ஓடியிருந்தது.

பாய்லர்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"செஞ்சவன் சரியான அரைகுறை. மண்ணைக் குழைக்கவே தெரியல அவனுக்கு."

மனைவி கையிலிருந்த டம்ளரைப் பார்த்தாள். "டீ ஆறிப்போச்சு. சூடு பண்ணிட்டு வரேன்" என்று உள்ளே போனாள். அந்த டீ வர அரைமணி நேரம் ஆயிற்று.

மறுநாள் காலை அவர் சிமென்ட் குழைத்தார். விரிசலில் அப்பி, மேலே கம்பியைச் சுற்றி முறுக்கினார். தலையில் அடிபட்டு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவர் மாதிரி நின்றது கணப்பு.

"மண்ணு ஒரு மாதிரி விரியும், சிமென்ட் வேற மாதிரி விரியுமே. நிக்குமா?" என்றாள் மனைவி.

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"சும்மா, தோணுச்சு."

தோன்றியது சரியாகத்தான் இருந்தது. சாயங்காலம் பற்றவைத்த கால்மணி நேரத்தில் சிமென்ட் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. போதாக்குறைக்கு மழை தூறியது. நனையக்கூடாது என்று அவர் எரிகிற கணப்பை அப்படியே அடியிலிருந்த இரும்பு ஸ்டாண்டோடு இழுத்து, சுவரை ஒட்டிய பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே நிறுத்தினார்.

கூரைத் தகடு கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தது. பிறகு நாக்கைத் தொங்கப்போட்டது. புகை போக வழியில்லாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு மாடிக்கு ஏறியது. மாடியில் குடியிருந்த டீச்சர், படுக்கை விரிப்பு ஒன்றை ஏந்திக்கொண்டு இறங்கி வந்தார்.

"சார், காலையில துவைச்சது. மோந்து பாருங்க."

பாய்லர்காரர் தொழில் மரியாதையோடு மோந்து பார்த்தார். "ஈர விறகு. நான் நினைச்சது சரிதான்."

"நான் விறகைப் பத்திக் கேக்கல சார்!"

"புகை இவ்வளவு வருதுன்னா தப்பு விறகுமேல டீச்சர். நாளைக்குக் காஞ்சதா…"

"உங்க கூரை என் ஜன்னலுக்குக் கீழ உருகிட்டிருக்கு. முதல்ல அதைப் பாருங்க!"

அவர் அதைப் பார்த்தார். ஒரு மண்வெட்டி மணலைப் போட்டு நெருப்பை அணைத்தார். எல்லாம் அடங்கியதும், திரும்ப மழை வந்துவிடப்போகிறதே என்ற பதற்றத்தில் கைக்குக் கிடைத்த மழைக்கோட்டை எடுத்துக் கணப்பின்மேல் போட்டு மூடிவிட்டுப் போய்ப் படுத்தார். மழைக்கோட்டு மனைவியுடையது. கணப்பு இன்னும் ஆறவில்லை.

திங்கட்கிழமை காலையில் மழைக்கோட்டும் கணப்பும் ஓருடல் ஆகியிருந்தன. அவர் ஓரத்தைப் பிடித்து உரித்தார். வரவில்லை. காலை ஊன்றி இழுத்தார். இந்த முறை வந்தது. கழுத்தும் சேர்ந்து வந்தது. வயிறு இரண்டு துண்டாகக் கீழே உட்கார்ந்தது.

அந்தச் சமயம் பார்த்துப் போன் அடித்தது. ஃபிட்டர்.

"அண்ணே, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நம்ம ஆலை ஆளுங்க மூணு பேர் வரோம். உங்க மண் பாய்லரைப் பார்த்தே ஆகணும்னு எல்லாரும் ஒத்தைக் கால்ல நிக்கிறாங்க. அண்ணன் ஏத்துற நெருப்புன்னா சும்மாவா?"

"வாங்க வாங்க" என்றார் பாய்லர்காரர், கழுத்தை மடியில் வைத்துக்கொண்டு.

போனை வைத்தபின் கழுத்தை உடைந்த வயிற்றோடு பொருத்திப் பார்த்தார். "முப்பத்து நாலு வருஷம் ஒரு விபத்து கிடையாது" என்றார் கடைசியில், யாரிடமோ மன்றாடுவதுபோல. "ஒரு பானைகிட்ட தோத்துட்டேனே."

மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். உடைந்த விளிம்பைப் பெருவிரலால் மெல்லத் தடவினாள். "தோக்கல. அது என்ன பேசுதுன்னு நீங்க கேக்கல, அவ்வளவுதான். கடைக்குப் போய்க் கேட்டுட்டு வாங்களேன்."

கழுத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் கிளம்பினார். போகிறபோது செய்தவனை நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி கேட்பதாகத்தான் உத்தேசம்.

கடைக்காரம்மா கழுத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், எக்ஸ்ரே பார்க்கும் டாக்டர் மாதிரி.

"பழகவிட்டீங்களா?"

"என்னத்தப் பழக?"

"புது மண்ணுங்க. முதல் அஞ்சாறு தடவை சுள்ளியில சின்ன நெருப்பு. ஒவ்வொரு தடவையும் முழுசா ஆறணும். அப்புறம்தான் விறகு. நீங்க முதல் நாள் எவ்வளவு வெச்சீங்க?"

பாய்லர்காரர் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினார்.

"வயித்துல மணல் போட்டீங்களா?"

"இல்ல."

"தண்ணி ஊத்தினீங்களா?"

அவர் சுழலும் மின்விசிறியைக் கொஞ்ச நேரம் ஆராய்ந்தார். "ஒரு வாளி."

"சின்ன வாளியா?"

"பெரிசு."

கடைக்காரம்மா கழுத்தைப் பத்திரமாக மேசைமேல் வைத்தார். திட்டியிருந்தால் தேவலை. அவர் திட்டவில்லை.

"இரும்புல ஏதாவது இருந்தா காட்டுங்க" என்றார் பாய்லர்காரர் ஈனசுரத்தில்.

"இருக்கே. வார்ப்பிரும்பு, லேசுல உடையாது. ஆனா நகர்த்த நாலு ஆள் வேணும். தெரியாம தொட்டா தோல் அதுலயே தங்கிடும். நனைஞ்சா துரு. இந்தத் தகடு லேசு. சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் ஆறும், சீக்கிரம் ஓட்டையும் விழும். மண்ணு கோவிச்சுக்கும், ஆனா அதோட சூடு இதம். நெருப்பு போன பின்னாடியும் ரொம்ப நேரம் நிக்கும்."

மூலையில் இன்னொரு மண் கணப்பு இருந்தது. வேண்டா வெறுப்பாகத்தான் அவர் போனார். விரல் முட்டியால் தட்டினார். கணீரென்றது. இன்னொரு இடத்தில் தட்டினார். அதே கணீர். வாய்க்குள் கையை விட்டு, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சுவரைப் பிடித்து வட்டம் முழுவதும் ஓட்டிப் பார்த்தார். எங்கும் ஒரே தடிமன். கழுத்து அடியில் அகன்று, போகப் போகத் தெரியாமல் குறுகி, நுனியில் லேசாக விரிந்தது. பாய்லர் புகைபோக்கியில் எத்தனையோ என்ஜினியர்கள் கோட்டைவிட்ட இடம் அது.

"அம்மாடி!" என்றார் தன்னை அறியாமல். "இழுவை பிரமாதமா இருக்கும். புகை ஒரு பொட்டு முன்னால வராது. இதைச் செஞ்சவன் வேற ரகம்ங்க."

"அப்படிங்களா?" என்றார் கடைக்காரம்மா. அவருக்கு ஏனோ திடீரென்று இருமல் வந்தது.

கணப்போடு சின்னச் சின்ன எரிமலைக் கல் ஒரு பையும், கழுத்து நுனியில் மாட்ட ஒரு கம்பி வலைத் தொப்பியும் கொடுத்தார். பொறி வெளியே பறக்காமல் அது பிடித்துக்கொள்ளுமாம். மழைக்குப் போர்த்த கான்வாஸ் உறையைத் தைத்து ஞாயிற்றுக்கிழமை அனுப்புவதாகச் சொன்னார். "நல்லா ஆறின பின்னாடிதான் போர்த்தணும்" என்று அவர் சொன்னபோது, அவர் கண் மழைக்கோட்டின் மஞ்சள் ஒட்டியிருந்த கழுத்தின்மேல் இருந்தது.

அந்த வாரம் பாய்லர்காரர் ஜன்னலோரம் உட்காரவே இல்லை.

சுவரிலிருந்தும் கூரையிலிருந்தும் நான்கு எட்டு தள்ளி, மேலே மரக்கிளை இல்லாத இடமாகப் பார்த்து, ரசமட்டம் வைத்துச் செங்கல் பரப்பினார். கணப்பு ஆடாமல் உட்கார்ந்தது. வயிற்றின் அடியில் கல்லைப் போட்டு, வாய்க்குக் கொஞ்சம் கீழேவரை மணலை நிரப்பினார். பக்கத்தில் ஒரு வாளி வைத்தார். வாளியில் மணல்.

செவ்வாயன்று ஒரு கைப்பிடிச் சுள்ளி. தீ பூனைக்குட்டி அளவுதான் இருந்தது. இருவரும் ஆளுக்கொரு முக்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்தார்கள். திடீரென்று அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அட, நான் ஒரு மடையன்! பாய்லருக்குள்ள புதுச் செங்கல் கட்டினா மூணு நாள் மெதுவாத்தானே சூடு ஏத்துவோம்? அவசரப்பட்ட ஆளுங்களை எத்தனை பேரை நானே திட்டியிருக்கேன்! இதுவும் சுட்ட மண்ணுதானே?"

"அப்படியாங்க?" என்றாள் மனைவி, தீயிலிருந்து கண்ணை எடுக்காமல். அவள் முகம் அந்தச் சின்ன வெளிச்சத்தில் அப்படி மலர்ந்திருந்தது.

புதன் இரண்டு கைப்பிடி. வியாழன் மூன்று. தினமும் காலையில் அவர் வயிற்றைத் தட்டிக் கேட்டுவிட்டு வந்து அறிக்கை கொடுப்பார். "ஒரு கீறல் இல்ல. மண்ணை எப்படிப் பிசைஞ்சிருக்கான் பாரு! ஒரு காத்துக் குமிழிகூட விட்டிருக்க மாட்டான்."

"ரெண்டு நாள் பிசைஞ்சிருப்பாங்களோ என்னவோ" என்பாள் அவள்.

"ரெண்டு நாளா? ஒரு வாரம் பிசைஞ்சிருப்பான்! இந்த வாய் வளைவைப் பாரு. ஸ்கேல் வெச்சுப் போட முடியாது. மனசுல இருக்கணும்."

சனிக்கிழமை ஐந்தாவது நெருப்பும் ஆறியபின், ஒரு வருடமாக உலர்ந்த விறகு எங்கேயோ தேடிப்பிடித்து வந்து அடுக்கினார். இரண்டு குச்சியை ஒன்றோடொன்று தட்டி, "மணி மாதிரி கேக்குது பாருங்க" என்று மாடி டீச்சருக்குக்கூடக் காட்டினார். டீச்சர், விரிப்புகள் பத்திரமாக உள்ளே இருந்த தைரியத்தில், ஞாயிற்றுக்கிழமை தானும் வருவதாகச் சொன்னார்.

ஞாயிறு சாயங்காலம் வெயில் சாய்ந்ததும் ஃபிட்டரும் மற்ற இருவரும் மாடி டீச்சரும் வந்து நாற்காலிகளில் அமர்ந்தார்கள். பாய்லர்காரர் பெட்ரோல் தொடவில்லை, மண்ணெண்ணெய் தொடவில்லை. ஒரு காகிதம், நாலு சுள்ளி, மூன்று விறகு. ஒரே ஒரு தீக்குச்சி.

நெருப்பு சத்தமில்லாமல் எழுந்து கழுத்தை நோக்கி வளைந்தது. புகை நூல் பிடித்ததுபோல் நேராக மேலே போனது. ஆறு பேர் முகத்திலும் ஒரே சமயத்தில் சூடு வந்து தொட்டது.

ஆளாளுக்குக் கையை நீட்டிக் காய்ந்தார்கள்.

"அண்ணே" என்றார் ஃபிட்டர் மெதுவாக. "ஆலையில இருக்கறது வெறும் இரும்புண்ணே."

டீச்சர் தன் சால்வை நுனியை மோந்து பார்த்தார். "வாசமே இல்லையே!" என்று ஆச்சரியப்பட்டார்.

பாய்லர்காரருக்குக் கண் கலங்கியது. புகையில்லாத நெருப்பு என்பதால் காரணம் சொல்லவும் வழியில்லை. "என்னை ஏன் பாராட்டறீங்க? நான் குச்சி கொளுத்தினேன், அவ்வளவுதான். இதைச் செஞ்சிருக்கானே, அவனைச் சொல்லுங்க. நெருப்போட மனசு தெரிஞ்சவன்."

மனைவி குனிந்து, கணப்பின் வாயோரம் வைத்திருந்த உருளைக்கிழங்கைத் திருப்பிப்போட்டாள். ஏற்கெனவே நாலு முறை திருப்பிய கிழங்கு.

அப்போதுதான் கடை டிரைவர் கான்வாஸ் உறையோடு பின்வாசல் வழியாக வந்தார். பாய்லர்காரர் எழுந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டிரைவர், எனக்கு ஒரு உதவி பண்ணணும். இதைச் செஞ்சவர் வீட்டுக்கு நாளைக்கே என்னைக் கூட்டிட்டுப் போங்க. நேர்ல பார்த்து ஒரு கும்பிடு போடணும். முதல்ல ஒண்ணைச் செஞ்சு அனுப்பினானே ஒரு அரைகுறை, அவனையும் கூட்டிட்டு வந்து இவர்கிட்ட ஒரு மாசம் உக்காத்தி வைக்கணும்."

டிரைவர் அவரைப் பார்த்தார். பிறகு அவருக்குப் பின்னால், கிழங்கை ஐந்தாவது முறையாகத் திருப்பிக்கொண்டிருந்தவளைப் பார்த்தார்.

"என்னம்மா, ரெண்டையுமே நீங்கதான் செஞ்சீங்கன்னு சார்கிட்ட இன்னும் சொல்லவே இல்லையா?"