துரை கோட்டை விட்ட இடம்

இரண்டு பாஷை தெரிந்தவனுக்கு ஒரு வசதி உண்டு. ஒன்றில் தெரியாததை இன்னொன்றில் தெரிந்தமாதிரி சொல்லிவிடலாம். இருபத்திரண்டு வயதில் நான் இந்த வசதியை நம்பித்தான் பிழைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது இலங்கை மலைநாட்டில், பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் சின்னக் கணக்கப்பிள்ளை. விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று ஆட்களின் பேர் கூப்பிட வேண்டும். பிறகு மழையிலும் அட்டைக்கடியிலும் மலையேற வேண்டும். ஆபீசில் ஒரு நாற்காலி காலியாகப் போகிறது என்று தெரிந்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. கூரை, மேசை, மழையில் கரையாத மை! (அட்டை ஆபீசுக்குள் வராது என்பதுதான் முக்கியம்.)

துரை ஒருநாள் கூப்பிட்டார். சீமையிலிருந்து அவருடைய மாமனாரின் சிநேகிதர் வந்திருந்தார். வயதானவர், பழைய கோட்டைகளைப் பார்ப்பதில் பிரியமுள்ளவர். "ரெண்டு நாள் சுத்திக் காட்டு. அவர் நல்லபடியா சொன்னா ஆபீஸ் உனக்கு" என்றார்.

முதல் நாள் பதுளைக்குப் போனோம். அவர் குதிரையில், நான் காலில். வெள்ளைக்காரர் கட்டிய பழைய கோட்டை என்று அங்கே மிஞ்சியிருந்தது ஒரு மண்மேடும் ஒரு பள்ளமும்தான். பள்ளத்தில் எருமை படுத்திருந்தது. துன்ஹிந்தை அருவிக்குப் போனால் ஒரே பனிமூட்டம். சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பினோம். கிழவர் முகத்தில் சந்தோஷமும் இல்லை, கோபமும் இல்லை. எனக்கோ நாற்காலியின் ஒரு கால் உடைந்த மாதிரி இருந்தது.

"எங்கள் தோட்டத்திலேயே இதைவிடப் பெரிய கோட்டை இருக்கிறது" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டேன்.

முழுப்பொய் என்று நினைத்துவிடாதீர்கள். மேல்மலையில் காடு மூடிய பெரிய கல் கட்டடம் ஒன்று உண்டு. கூரை கிடையாது, சுவர் மட்டும் ஆள் உயரத்துக்கு மேலே நிற்கும். வேலைக்கு வந்த புதிதில் அது என்ன என்று கங்காணியிடம் கேட்டிருந்தேன். வெற்றிலையை மென்றபடி, "அதுங்களா? தொரை கோட்ட விட்ட எடம்" என்றார். அவ்வளவு போதாதா? ஒரு துரை, ஒரு கோட்டை, அதை விட்டிருக்கிறார். சண்டை இல்லாமல் எவன் கோட்டையை விடுவான்? மீதியை நானே கட்டிக்கொண்டேன்.

மறுநாள் கிழவரை அங்கே நிறுத்தி வைத்துக்கொண்டு வெளுத்து வாங்கினேன். சுவரில் இருந்த துவாரங்களெல்லாம் பீரங்கி வைத்தவை. தரையில் இருந்த தொட்டிகள் கைதிகளை அடைத்தவை. ஒரு கர்னல் மூன்று நாள் சண்டை போட்டு, தோற்று, பின்வாசல் வழியாக ஓடினார்.

"இவ்வளவு சின்னத் துவாரத்தில் பீரங்கியா?" என்றார் கிழவர்.

"சின்னச் சண்டைதான், துரை."

"எத்தனை பேர் செத்தார்கள்?"

"நாற்பத்திரண்டு" என்றேன். ஐம்பது என்றால் நம்பமாட்டார் என்று ஒரு கணக்கு.

அவர் தலையை ஆட்டிக்கொண்டே சுவரைத் தடவினார். மயங்கிவிட்டார் என்று நினைத்தேன். மூடன்!

அந்த நேரம் பார்த்துக் கொழுந்துக் கூடையோடு மீனாச்சி வந்தாள். எங்கள் தோட்டத்துப் பெண்தான். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். "என்னாங்க ஐயா, கையக் கால ஆட்டிக்கிட்டு?" என்றாள்.

"கோட்டைய விட்ட சண்டைய துரைக்குச் சொல்றேன்."

அவள் கூடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "கோட்டையுமில்ல, கொத்தளமுமில்லங்க. இது அந்தக் காலத்துல காப்பிக்கொட்ட கழுவிக் காயவச்ச ஸ்டோரு. தொரை கோட்ட விட்டாருன்னா, கோட்டு! மேல போடுறாங்கள்ல, அந்தக் கோட்டு!"

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள். "காப்பிச் செடியெல்லாம் நோவுல பட்டுப்போன வருசம், வேலயில்லாம ஆளுங்கல்லாம் ஊருக்கு நடந்தாங்களாம். எங்கப்பனுக்குக் காச்ச. நடக்க முடியாம இதுக்குள்ளதான் உசிரு போச்சு. போத்தத் துணியில்ல. தொரை போட்டிருந்த கோட்டக் கழட்டிப் போத்திட்டு, கொட்டுற மழையில வெறுஞ்சட்டையோட எறங்கிப் போயிட்டாராம். ஆத்தா சொல்லும்."

இதை எப்படி இங்கிலீஷில் மாற்றிச் சொல்லி என் சண்டையையும் காப்பாற்றுவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, கிழவர் தொப்பியைக் கழற்றினார்.

"அந்தக் கோட்டு நம்ம கோட்டு" என்றார். அசல் தோட்டத்துத் தமிழ்!

மீனாச்சி சொன்ன அந்தத் துரை இவரேதான். இது ஒரு காலத்தில் அவருடைய தோட்டம், அவர் கட்டிய ஸ்டோர். அவருடைய காப்பித் தொட்டியில்தான் நான் கைதிகளை அடைத்திருந்தேன். ஓடிப்போன கர்னலும் அவரே!

அவர் என்னைப் பார்க்கவேயில்லை. "அவன் பேரு என்ன? அன்னிக்கு நான் கேக்கல" என்று மீனாச்சியிடம் கேட்டார்.

"கருப்பையாங்க."

கருப்பையா, கருப்பையா என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது. பயத்தில் வந்ததென்று அப்போது நினைத்தேன். இப்போது நினைத்தால் வெட்கம்தான். தினமும் நூறு ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவன் நான். அந்தச் சுவருக்குள் யார் கிடந்தார் என்று ஒருவரையும் கேட்டதில்லை. இல்லாத கர்னலுக்கு மீசைகூட வைத்திருந்தேன்.

கிழவர் என்னைத் திட்டவில்லை. ஆனால் துரையிடம் சொன்னது பங்களா சமையற்காரர் மூலம் தோட்டம் முழுக்கப் பரவிவிட்டது: "நல்ல பையன். ஆனால் ஆபீசில் வைக்காதே. நடக்காத சண்டையிலேயே நாற்பத்திரண்டு பேரைக் கொன்றவன், உன் ஆட்களை என்ன செய்வானோ!" நாற்காலி வேறொருவருக்குப் போயிற்று. நான் அட்டைக்கடிக்கே திரும்பினேன்.

எனக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. வீட்டில் நான் எந்தக் கதையைத் தொடங்கினாலும், "இதுல எத்தன பேரு செத்தாங்க?" என்று மகள் கேட்பாள், என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள். "நாப்பத்திரண்டு" என்று நானும் விறைப்பாகச் சொல்வேன். வீடே சிரிக்கும். சரியான பதில் ஒரே ஒருவர், கருப்பையா. அதைச் சொன்னால் சிரிப்பு நின்றுவிடும் என்பதால் இதுவரை வீட்டில் சொன்னதில்லை, இங்கேதான் எழுதுகிறேன்.