சுபத்துக்கு அப்புறம் முக்கால் மணி நேரம்

ஒரு காட்டில் ஒரு கீற்றுக் கொட்டகை இருந்தது, அதில் சினிமா ஓடியது. சிங்கராஜா எங்கே என்று இப்போதே ஆரம்பித்துவிடாதீர்கள். அவர் படம் பார்க்க மாட்டார். பார்த்தாலும் ஓசிப் பாஸில் வந்து இடைவேளையோடு போய்விடுவார். இது அவர் கதை இல்லை. கொட்டகையின் ஆபரேட்டர் மாசானத்தின் கதை.

மாசானம் ஒரு தேவாங்கு. தேவாங்குக்கு வெயில் ஆகாது, கண் கூசிவிடும். பகல் முழுக்க இருட்டாக இருக்கிற இடம் அந்தக் காட்டிலேயே ஒன்றுதான், அது கொட்டகையின் ஆபரேட்டர் அறை. அந்த வேலை போனால் பட்டப்பகலில் கண்ணைப் பொத்திக்கொண்டு மரம் மரமாய் வேலை கேட்டு அலைய வேண்டும். இது மாசானத்துக்கும் தெரியும், முதலாளி கரடி கோமதிநாயகத்துக்கும் தெரியும். அதனால்தான் முதலாளி அவ்வளவு தெனாவட்டாகப் பேசுவார்.

"உன் பேர்ல ஏற்கெனவே ரெண்டு தப்பு இருக்கு," என்றார் அன்று காலை.

ஒன்று, ஒரு பக்திப் படத்தைச் சத்தமே இல்லாமல் ஓட்டியது. இன்னொன்று, ஒரு காதல் படத்தைத் தலைகீழாக மாட்டி ஓட்டியது. அதை வௌவால்கள் மட்டும் ரசித்துப் பார்த்தன.

"மூணாவதா ஒண்ணு நடந்துச்சுன்னு வை, மூட்டையைக் கட்டிக்க வேண்டியதுதான். என்ன முழிக்கிற, தேவாங்கு மாதிரி?"

வேறு எப்படி முழிப்பான், பாவம்!

அன்றைக்கு வந்திருந்தது 'காலம் தாண்டிய கீரி'. காடே காத்துக்கிடந்த சூப்பர் ஹீரோ படம். கதையைக் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள், ஒரு தடவைதான் சொல்வேன். ஒரு கீரி, அவன் அம்மாவைப் பாம்பு கொன்றுவிடுகிறது. அதோடு இடைவேளை. பிறகு கீரி ஒரு யந்திரம் செய்து பழைய காலத்துக்குப் போகிறான். போகிற வழியில் ஒரு திருகைத் தப்பாகத் திருகிவிட்டு, கீரியும் பாம்பும் சம்பந்தம் வைத்துக்கொள்கிற வேறொரு உலகத்தில் போய் விழுகிறான். அங்கே வால் அறுந்துபோகிறது. கடைசியில் வாலையும் ஒட்டவைத்து, அம்மாவையும் மீட்டுவிடுகிறான். சுபம். மொத்தம் ஐந்து ரீல்.

தேவாங்குக்குக் காலைக் காட்சி என்பது நம்மை நடுச்சாமத்தில் எழுப்பி வேலை வாங்குவது மாதிரி. இடைவேளையில் ரெண்டு வெட்டுக்கிளியை மென்றுவிட்டுக் கண்ணசந்த மாசானம், மணி அடித்ததும் துள்ளி எழுந்து கைக்குக் கிடைத்த ரீலை மாட்டினான். மாட்டியது ஐந்தாவது ரீல்.

அம்மா செத்த துக்கத்தோடு முறுக்கு தின்றுவிட்டு வந்து உட்கார்ந்தவர்களுக்கு, எடுத்த எடுப்பிலேயே அம்மா எழுந்து கீரிக்குச் சோறு ஊட்டினாள். கொஞ்ச நேரத்தில் 'சுபம்' என்று போட்டது. மாசானம் அப்போதுதான் திரையைப் பார்த்தான். படத்தை நிறுத்தினால் முதலாளிக்குத் தெரிந்துவிடும். வேறு வழியில்லாமல் மூன்றாவதையும் நான்காவதையும் அடுத்தடுத்து ஓட்டினான். வாலறுந்த கீரி அந்தரத்தில் தொங்கிக்கொண்டு "அம்மா!" என்று கத்துகிற இடத்தில் ரீல் தீர்ந்து, திரை வெள்ளையாக நின்றது.

ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. சூப்பர் ஹீரோ படம் முடிந்த பிறகும் குட்டியாக ஒரு காட்சி வைப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். பத்து நிமிஷம் வெள்ளைத் திரையைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் ஒரு பூச்சி திரையில் ஊர்ந்தது.

"அடுத்த பாகத்துக்கு லீடுடா!" என்று கத்தி விசிலடித்துக்கொண்டே வெளியே போனார்கள்.

வெளியே காக்கா வடிவு மைக்கோடு நின்றாள். காட்சி முடிந்து வருகிறவர்களின் கருத்தைக் கேட்டுச் சேனலில் போடுவது அவள் தொழில். அவள் மைக்கில் நாலு பேர் நல்லா இருக்கு என்றால் படம் ஓடும். மோசம் என்றால் மறுநாளே போஸ்டரை வெள்ளாடு தின்றுவிடும். முதலாளி அவள் பக்கத்திலேயே நின்றார். மாசானம் ஆபரேட்டர் அறை ஓட்டையில் காதை வைத்துக்கொண்டு, அந்தக் கீரியின் யந்திரம் ஒன்று கிடைத்தால் இடைவேளைக்குத் திரும்பிப் போய்விடலாமே என்று கிடந்து தவித்தான்.

"படம் எப்படிங்க இருந்துச்சு?"

"வேற லெவல்ங்க!" என்றது மயில். "'சுபம்' போட்டுட்டு அதுக்கப்புறம் முக்கால் மணி நேரம் படம் ஓட்டுறாங்க பாருங்க, அந்த தைரியம் யாருக்கு வரும்?"

"எனக்கு ஒண்ணுமே புரியலை," என்றது எருமை, கண் கலங்கி. "புரியலைன்னா பெரிய படம்னு அர்த்தம். இன்னும் நாலு தடவை பாக்கணும்."

"குடும்பத்தோட பாக்கலாமா?"

"தாராளமாப் பாக்கலாம்," என்றது வெள்ளாடு. "எந்தக் குடும்பம் எந்த உலகத்துல இருக்குன்னு மட்டும் பாத்துக்கணும்."

முதலாளி தொப்பையைத் தடவிக்கொண்டார். மாசானத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கடைசியாக வந்தாள் ஆமை அழகம்மை. நிதானமானவள். ஒரு படத்தைப் பார்த்தால் பார்த்ததுதான், ஒரு காட்சியும் மறக்காது.

"படம் நல்ல படம்தாம்மா," என்றாள். "ரீலைத்தான் மாத்திப் போட்டிருக்கான். கடைசி ரீல் இடைவேளைக்கு அப்புறம் ஓடிருச்சு."

முதலாளி அதற்குள் வசூலை எண்ண உள்ளே போய்விட்டார், அவர் காதில் விழவில்லை.

"வேற உலகம்னா என்னன்னே தெரியாதவங்கள்லாம் எதுக்குப் படம் பாக்க வர்றீங்க?" என்று வெள்ளாடு எகிறியது. "இது யாரோ அனுப்பிவிட்ட ஆளு!" என்றது மயில். எருமை நேராக வந்தது. கொம்பால் ஒரு நெம்பு நெம்பியது. அழகம்மை மல்லாந்து விழுந்து நாலு காலையும் உதைத்துக்கொண்டு கிடந்தாள்.

வடிவு குனிந்து மைக்கை நீட்டினாள். "அஞ்சுக்கு எத்தனை ஸ்டார் தருவீங்கக்கா?"

"முதல்ல என்னைத் திருப்பி விடுங்கடி!"

யாரும் திருப்பி விடவில்லை. கூட்டம் கலைந்துபோனது. தன் தப்புக்கு இன்னொருத்தி மல்லாந்து கிடப்பதைப் பார்க்க மாசானத்துக்குப் பொறுக்கவில்லை. கையால் கண்ணை மறைத்துக்கொண்டு வெயிலில் இறங்கி வந்து அவளைத் திருப்பிவிட்டான்.

"நீங்க சொன்னதுதான் நெசம்க்கா. நான்தான் மாத்திப் போட்டேன். சொன்னா வேலை போயிரும்."

"எனக்கு முதுகே போயிருச்சே! போகட்டும், மதியக் காட்சிக்காவது ஒழுங்காப் போடு. நான் திரும்பவும் பாக்கறேன்."

நல்ல கதையாக இருந்தால் இங்கேயே நேர்மைக்குப் பரிசு கிடைத்து நாமும் வீட்டுக்குப் போயிருக்கலாம். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

மாசானம் மூஞ்சியைக் கழுவினான். ரீல் பெட்டிகள் மேல் சுண்ணாம்பால் ஒன்று முதல் ஐந்து வரை நம்பர் போட்டான். மதியக் காட்சியில் ஒவ்வொன்றாக, முறையாக ஓட்டினான். காலையில் பார்த்த அத்தனை பேரும் சொந்தபந்தத்தைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். இடைவேளைக்குப் பிறகு 'சுபம்' வரும், கைதட்டலாம் என்று கையைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். வரவில்லை. கடைசியில் வந்தது. அப்புறம் முக்கால் மணி நேரம் காத்திருந்தார்கள். ஒன்றும் வரவில்லை. பெஞ்சு உடைகிற சத்தம்தான் கேட்டது.

"காலையில பாத்த படமே இல்லைங்க இது," என்றது மயில் மைக்கில். "அம்மா சாகுறா, மகன் காப்பாத்துறான். இதை எங்க கூட்டுல முட்டைக்குள்ள இருக்கிறதே சொல்லிரும்."

"எல்லாமே புரிஞ்சிருச்சு," என்று எருமை அழுதது. "ஏமாத்திட்டாங்க."

வெள்ளாடு பேசக்கூட நிற்கவில்லை. நேராகப் போஸ்டரின் ஒரு மூலையில் வாயை வைத்தது.

முதலாளி மூச்சு வாங்க ஆபரேட்டர் அறைக்கு ஏறி வந்தார். "படத்துல கை வச்சியாடா?"

"இல்லை முதலாளி. காலையிலதான் தப்பாப் போட்டேன். இப்ப சரியாப் போட்டிருக்கேன்."

"காடே கொண்டாடுச்சே, அது தப்பா? பெஞ்சை உடைச்சானுங்களே, இது சரியா?" கரடி கதவைப் படாரென்று திறந்தார். "இதுதான்டா மூணாவது தப்பு. கட்டுடா மூட்டையை!"

வெயில் சுளீரென்று முகத்தில் அடித்தது. மாசானம் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, தடவித் தடவி அவர் காலைப் பிடித்தான்.

"இனிமே சத்தியமா சரியாப் போட மாட்டேன் முதலாளி!"

கரடிக்கு மனசு இளகிவிட்டது. அடிப்படையில் நல்ல மனுஷர். "இந்த ஒரு தடவை மன்னிச்சேன்," என்று கதவைச் சாத்தினார்.

மாசானம் சுண்ணாம்பு நம்பர்களை அழித்து மாற்றி எழுதினான். படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. அதை எடுத்த இயக்குநர் ஓணான்கூட ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, "என் மனசுல இருந்த படம் இதுதான்" என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

ஐம்பதாவது நாள் வடிவின் மைக் மறுபடியும் அழகம்மை முன்னால் நீண்டது. பக்கத்தில் எருமை நின்றது. அழகம்மை அதன் கொம்பைப் பார்த்தாள்.

"வேற லெவல்மா. ஒண்ணும் புரியலை, அதான் அழகு. அஞ்சுக்கு அஞ்சு."

ஓட்டையில் காது வைத்திருந்த மாசானத்துக்கு முதலில் அப்பாடா என்றுதான் இருந்தது. அப்புறம் கையிலிருந்த வெட்டுக்கிளி வாய்க்குப் போகவில்லை. கூசியது. கொஞ்ச நேரத்தில் சுவர்ப் பக்கம் அழகம்மையின் குரல் கேட்டது.

"மாசானம், என்னைத் தப்பா நெனச்சுக்காத. எனக்கும் வயசாச்சு, இன்னொரு தடவை மல்லாந்தா எந்திரிக்க மாட்டேன். நாளையிலேர்ந்து 'சுபம்' போட்டதும் நான் கிளம்பிருவேன். அம்மா உசுரோட இருக்கா, எனக்கு அது போதும்."

சொன்னபடியே செய்தாள். தினமும் 'சுபம்' போட்டதும் கிளம்புவாள். அவள் நடைக்கு வாசலுக்கு வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகும், படமும் அப்போதுதான் முடியும். அங்கே வடிவு மைக்கோடு நிற்பாள், எருமையும் நிற்கும்.

நீதி: தப்புச் செய்துவிட்டால் பதறிப்போய்த் திருத்தாதீர்கள். வெளியே நாலு பேர் அதற்கு அர்த்தம் கண்டுபிடித்து முடிக்கும்வரை கதவைச் சாத்திக்கொண்டு சும்மா இருங்கள். அப்புறம் ஆயுசுக்கும் அதையே ஒழுங்காகச் செய்யலாம்.