இருசப்பன் மாமா மரத்தில் காத்திருந்த ஆங்கில வகுப்பு

அன்புள்ள கணேஸ்வரன் மாமா அவர்களுக்கு,

நடந்தது அனைத்தையும் உண்மையாகவே எழுதப்போகிறேன். எனக்கு அவமானமான இடங்களையும் விடமாட்டேன். சுங்கை சோவில் நீங்களும் அத்தையும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே புக்கிட் பெலிம்பிங்கில் எல்லாரும் சுகம், பக்கத்து வீட்டு இருசப்பன் மாமாவைத் தவிர. அவரை எறும்பு கடித்திருக்கிறது. அதற்கு நான் நடத்திய வகுப்புதான் காரணம்.

உங்கள் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் அம்மாவைச் சூப்பர்வைசர் வேலைக்குச் சிபாரிசு செய்தீர்கள். "ஆளுங்கள எப்படி வேலை செய்ய வைப்பீங்கன்னுதான் புது மேனேஜர் இங்கிலீஷ்ல கேப்பாரு, அத மட்டும் சொல்லிக் குடு" என்று என்னிடம் சொன்னீர்கள். வீட்டில் டிவி ஓடுவதால் அம்மன் கோயில் மண்டபத்தில் வகுப்பு வைத்தேன். அம்மாவுக்குத் துணையாக லெட்சுமி அத்தையும், அவருக்குத் துணையாக அவர் கணவர் இருசப்பன் மாமாவும் வந்தார்கள். ஒருவரை ஒன்றைச் செய்ய வைக்கவும் செய்ய விடவும் மேக், லெட், கெட் என்று சொற்கள் உண்டு, முதல் இரண்டில் 'டு' வராது, கெட் மட்டும் 'டு' இல்லாமல் வராது என்று விளக்கிவிட்டு, 'நான் இருசப்பனை மரம் ஏற வைத்தேன்' என்ற வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொல்லுங்கள் என்றேன்.

லெட்சுமி அத்தை எழுந்துவிட்டார். "எம் புருசன் எப்ப மரம் ஏறுனாரு?"

"அது சும்மா உதாரணம் அத்தை."

"அம்மன் எதிருல சும்மாவா? கோயில்ல பொய் சொல்லக்கூடாதுலா!"

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. இருசப்பன் மாமாவை வெளியே அழைத்துப்போய் ரம்புத்தான் மரத்தில் ஏற்றிவிட்டு வந்து, "ஐ மேட் இருசப்பன் க்ளைம்ப் த ட்ரீ" என்று பிழையில்லாமல் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் அடுத்த பாடம் லெட். 'அவரை இறங்க விட்டேன்' என்று ஆங்கிலத்தில் சரியாகச் சொன்ன பிறகுதான் இறங்க விடுவேன் என்று அத்தை பிடிவாதம் பிடித்தார். இறங்க விடாமல் அப்படிச் சொன்னால் அதுவும் பொய்தானே என்று கேட்டேன். "நீ படிச்ச புள்ள, கொழப்பாத" என்றார். அவர் வாயில் ஒவ்வொரு முறையும் 'டு' வந்து ஒட்டிக்கொண்டது. மரத்தில் சிவப்பு எறும்புக் கூடு இருந்தது எங்களுக்குத் தெரியாது.

"டு வேணாம்டி! டுவ எடுத்துட்டுச் சொல்லுடி!" என்று மேலிருந்து இருசப்பன் மாமா கதறினார். சத்தம் கேட்டுக் கோயில் தலைவர் சிவானந்தம் ஐயா ஓடிவந்தார். அதற்குள் அம்மா தனியாகவே ஏணியைத் தூக்கிவந்து மாமாவை இறக்கி, எண்ணெயும் தடவிவிட்டார்.

பிறகு அம்மாவின் முறை. "நான் யாரையும் எதையும் செய்ய வச்சதில்லையே. சொல்ற நேரத்துல நானே செஞ்சிருவேனே" என்றார். என்னைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லுங்கள் என்றேன். எழுந்துபோய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். அத்தையை நாற்காலி நகர்த்தச் சொல்லுங்கள் என்றேன். அத்தை உட்கார்ந்திருக்க, நாற்காலியோடு சேர்த்து அம்மாவே நகர்த்தினார்.

"பொய் சொல்லி வேல வாங்க வேணாம். கணேஸ்வரன் மாமாவுக்கு எழுதிப் போட்டுரு" என்று சொல்லிவிட்டு அம்மா நாற்காலிகளைத் தானே அடுக்கத் தொடங்கினார். ஆகவே மாமா, திங்கட்கிழமை இண்டர்வியூவிலிருந்து அம்மாவின் பெயரை எடுத்துவிடுங்கள். இதை மண்டபத்திலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். அம்மன் உங்கள் குடும்பத்துக்கு எல்லா நலமும் தரட்டும்.

வணக்கத்துடன்,
தங்கள் மருமகள்
விஷாலினி

பின்குறிப்பு: மேலே உள்ளதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "யாரையும் எதையும் செய்ய வச்சதில்லைங்கிற வரிய அடிச்சிரு" என்றார். உண்மையை எப்படி அடிப்பது என்றேன். அம்மா என்னை முறைத்துவிட்டு, வாசலில் நின்ற சிவானந்தம் ஐயாவிடம், "தலைவரே, வகுப்பு முடிஞ்சிருச்சி. லைட்ட அணைங்க" என்றார்.

"நானா?"

"நீங்கதான்."

அம்மாவின் கை சுவிட்சை நோக்கிப் போனது. மறுகையால் அதைப் பிடித்துக்கொண்டார். தலைவரே வந்து அணைத்தார். இருட்டுக்குள்ளிருந்து, "ஐ காட் த சேர்மன் டு ஸ்விட்ச் ஆஃப் த லைட்ஸ்" என்று அம்மாவின் குரல் கேட்டது. கெட் வாக்கியம், 'டு'வும் சரியாக இருந்தது. பெயரை எடுக்க வேண்டாம் மாமா, அம்மா வருகிறார். இந்த வரிகள் கோணலாக இருந்தால் மன்னியுங்கள், விளக்குகள் அணைக்கப்பட்டுவிட்டன.