மொரிடா சார் முன்னால் நான் தட்டிய கை

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அதனால் மழை எப்போது வரும் என்பதிலிருந்து மாத்திரையை எப்போது விழுங்குவது என்பது வரை எல்லோரும் என்னிடம்தான் கேட்பார்கள். நானும் சொல்லிவிடுவேன். பதில் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமெல்லாம் எனக்கு இருந்ததில்லை.

இந்தப் பழக்கத்தோடுதான் டிப்ளமா முடித்து, தளியிலிருந்து தினமும் பஸ் பிடித்து, ஓசூரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் டிரெய்னியாக இருந்தேன். வேலை நிரந்தரமாவதற்கு ஒரு வாரமே இருந்தபோது, ஜப்பானிலிருந்து மொரிடா சார் ஆய்வுக்கு வந்தார். எங்களிடம் சரக்கு வாங்கும் கம்பெனிக்காரர். அறுபது வயது இருக்கும்.

மதியம் மீட்டிங் ரூமில் லேப்டாப்பில் ஏதோ பழைய பேஸ்பால் ஆட்டத்தை ஓடவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்கள் மேனேஜர் (மதுரைக்காரர், பதறுவதற்கென்றே பிறந்தவர்) என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

“ஏம்மா கவிதா, இந்த வெளையாட்டு ஒனக்குத் தெரியுமா?”

“தெரியும் சார். நம்ம கிரிக்கெட்தான். ஸ்டம்ப் மட்டும் கெடையாது.”

“அப்பப் போய்ப் பக்கத்துல உக்காரு. மனுசன் சந்தோசமா ரிப்போர்ட் எழுதணும். ஒன் வேலையும் அதுலதான் இருக்கு.”

உட்கார்ந்தேன். அவர் கல்லூரியில் படித்த காலத்து ஆட்டமாம். சீசன் முடியப்போகிற நேரம். ஜெயித்தால் அவருடைய ஊர் அணிக்கு முதலிடம். அன்று அவரும் அந்தக் கூட்டத்தில் இருந்தாராம்.

ஒருவர் பந்தை அடித்ததும் மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். “ஐயோ, பேட்ட வுட்டுட்டாரு!” என்று கத்திவிட்டேன். (மட்டை இல்லாமல், ஓடி முடித்துக் கோட்டுக்குள் எதை வைப்பார் என்ற கவலை எனக்கு.) இன்னொருவர் அடிக்கவே இல்லை. நாலைந்து பந்துகளை வேடிக்கை பார்த்துவிட்டு, டீ குடிக்கப் போவதுபோல அடுத்த மூலைக்கு நடந்தார். யாரும் தடுக்கவில்லை. ஏன் என்று கேட்க நாக்கு துடித்தது. தெரியும் என்று சொல்லிவிட்டு எப்படிக் கேட்பது?

கடைசிக் கட்டத்தில் மொரிடா சார் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். பந்து உயரே ஏறிக் கூட்டத்துக்குள் விழுந்தது. சிக்ஸர்! எழுந்து நின்று கைதட்டினேன். விசிலும் அடித்தேன். (எருது விடும் விழாவில் பழகியது.)

“அடித்தது எதிரணி,” என்றார் அவர் இங்கிலீஷில். “அந்த அடியில்தான் தோற்றோம்.”

வாசலில் நின்ற மேனேஜர் சுவரோடு சுவரானார்.

“உங்களுக்கு இந்த ஆட்டம் தெரியுமா?” என்று கேட்டார் மொரிடா சார்.

“தெரியாது சார்.”

லேப்டாப்பை மூடினார். “காலையில் இருபது ஷாஃப்ட் தண்டுகளை அளந்ததாகக் கையெழுத்துப் போட்டது நீங்கள்தானே?”

தெரியாததைத் தெரியும் என்பவள், அளக்காததையும் அளந்தேன் என்று எழுதமாட்டாளா?

இருபதையும் அவர் கண்ணெதிரே மறுபடி அளந்தேன். அளவுகளை நான் சொல்லச் சொல்ல, காலையில் எழுதிய தாளோடு ஒப்பிட்டு டிக் போட்டார். இருபதும் சரியாக இருந்தன. தாளின் அடியில் கையெழுத்துப் போட்டார்.

போன உயிர் திரும்பி வந்ததும் வாயும் திரும்பி வந்துவிட்டது. “சார், அந்த ஆள் அடிக்காமலே ஏன் நடந்து போனார்?”

முதல்முறையாகச் சிரித்தார். ஒரு காகிதத்தில் நான்கு மூலை வரைந்து அரைமணி நேரம் விளக்கினார். நாலு பந்தைத் தப்பாக எறிந்தால் அடிக்காமலே நடந்து போகலாமாம். பாதிதான் புரிந்தது. அதையும் அவரிடமே சொன்னேன்.

வேலை நிரந்தரமானது. நான் செய்த தப்பு, இதையெல்லாம் வீட்டில் சொன்னது. இன்றும் டிவியில் கிரிக்கெட் ஓடும்போது பந்து மேலே ஏறினால், அப்பா பந்தைப் பார்ப்பதில்லை. என் கையை எட்டிப் பிடித்துக்கொள்கிறார்.

“இரும்மா, இரு. எந்த டீமுன்னு கேட்டுட்டு அப்புறம் தட்டு.”