சந்தனத்தில் இறுகிய இரட்டைக் குழல்

ஒரு வேலையின் நடைமுறையைக் கரைத்துக் குடித்தவரை அந்த வேலையின் பக்கமே விடக் கூடாது. ஓய்வு பெற்ற புதிதில் நான் கற்ற பாடம் இது. கட்டணம் கட்டியது என் மாமனார் குடும்பம்.

துப்பாக்கி உரிமங்களைக் கவனிக்கும் பிரிவில் நான் வெகுகாலம் இருந்தவன். துப்பாக்கியை யார் வைத்திருக்கலாம், யார் தொடலாம், பழுதானால் எங்கே கொடுக்கலாம் எல்லாம் மனப்பாடம். துப்பாக்கியைத்தான் தொட்டதில்லை. (ரேஷன் கார்டு எழுதுகிறவர் சோறு வடிக்கிறாரா என்ன?)

மாமனாருக்குப் பேரையூர்ப் பக்கம் கடலைக் காடு. காட்டுப்பன்றியை விரட்ட வானத்தைப் பார்த்து வெடி போடுவதற்கு, அவருடைய அப்பா காலத்து இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று வைத்திருந்தார். குழலுக்கு ஒன்றாக இரண்டு குதிரைகள் வெளியே தெரியும்படி உள்பக்கமாக வளைந்து நிற்கும். விசையை இழுத்தால் அவைதான் பாய்ந்து விழுந்து தோட்டாவை வெடிக்க வைக்கும். இரண்டுக்கும் நடுவில் நாக்கு மாதிரி ஒரு லீவர். அதைக் கட்டைவிரலால் ஒதுக்கினால் துப்பாக்கி நடுவில் மடிந்து குழல் திறக்கும்.

தான் இருக்கும்போதே உரிமத்தை மகன் முத்துப்பாண்டி பெயருக்கு மாற்றிவிட வேண்டும் என்பது மாமாவின் ஆசை. விண்ணப்பத்தை நானே தயாரித்தேன். துப்பாக்கி நல்ல நிலையில் இருக்கிறது என்று இன்ஸ்பெக்டர் பார்த்து எழுத வேண்டியதுதான் பாக்கி. அவர் எழுதாவிட்டால் அது அரசுக் கிடங்குக்குப் போகும். மாமா அதற்கு முன்பே போய்விடுவார் என்று அத்தை சொன்னார்.

இன்ஸ்பெக்டரைப் பார்ப்பதற்கு முந்தின நாள் திருநகரில் என் வீட்டிலிருந்து பஸ் ஏறி மாமனார் வீட்டுக்குப் போனேன். லீவரை ஒதுக்கினேன். அசையவில்லை.

"வருசா வருசம் ஆயுத பூசைக்கு நானே சந்தனம் கொழச்சு அப்புவேன் மாப்ள. ஒரு கொறை வச்சதில்ல" என்றார் மாமா பெருமையாக.

கண் மங்கிய பிறகு அவர் வெடி போடுவதை விட்டுவிட்டார். பூஜையை விடவில்லை. அத்தனை பக்தியும் லீவருக்கு அடியில் இறங்கி சிமென்டாகியிருந்தது.

"உள்ளே தோட்டா இல்லையே மாமா?"

"கடைசியாக் காட்டுக்குப் போனப்ப எடுத்துட்டேன்னுதான் நெனைக்கேன்."

திறந்து பார்த்தால்தான் தெரியும். திறக்க முடியாததுதான் பிரச்சினை. அதுவரை மடியில் குழந்தைபோல் வைத்திருந்த துப்பாக்கியை மெல்லக் கட்டிலில் கிடத்தினேன். குழல் வாய் பீரோவைப் பார்த்தது. அத்தை பீரோவைப் பார்த்தார். அதை வைக்கோல் போர்ப் பக்கம் திருப்பி வைத்தோம்.

"வெளக்குமாத்துக் குச்சிய விட்டுப் பாப்போம் மச்சான். தோட்டா கெடந்தா முட்டும்ல?" என்றான் முத்துப்பாண்டி. யோசனை நல்லதுதான். ஆனால் குழல் வாய்க்கு நேரே நிற்காமல் உள்ளே குச்சி விடுவதற்கு மனிதனின் கை சற்றுக் குட்டையாகப் படைக்கப்பட்டிருக்கிறது. முகத்தைத் திருப்பி, கண்ணை மூடி, குலதெய்வத்தைக் கூப்பிட்டுக் குச்சியை விட்டேன். இரண்டு குழலிலும் குச்சி கடைசிவரை போனது. தோட்டா இல்லை.

விதிப்படி, உரிமம் பெற்ற கடையில்தான் பிரித்துச் சரிசெய்யலாம். மதுரைக் கடைக்காரருக்குப் போன் செய்தால் அவர் மகள் கல்யாணத்தில் இருந்தார். நாளைக்கு இன்ஸ்பெக்டர். மாமாவின் முகத்தைப் பார்த்தேன்.

"சந்தனம்தானே மாமா. நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

திருகாணிகளைக் கழற்றினேன். குதிரைகள் வந்தன, லீவர் வந்தது, பெயர் தெரியாத ஒரு கம்பிச்சுருளும் வந்தது. சுடு எண்ணெயும் பழைய டூத் பிரஷ்ஷுமாகத் தேய்த்ததில் எல்லாம் பளபளத்தன. திரும்ப மாட்டியபோது குதிரைகள், சண்டை போட்ட தம்பதிபோல ஆளுக்கொரு திசையைப் பார்த்து நின்றன.

"மச்சான், முன்னாடி ரெண்டும் உள்ளாக்க வளைஞ்சிருந்த மாதிரி..."

"நீ சரியாக் கவனிச்சிருக்க மாட்டே."

"லீவரு ஒதுக்குனா தானாத் திரும்பி வருமே?"

"இப்ப நாம திருப்பணும். அம்புட்டுத்தான்."

விண்ணப்பதாரர் என்பதால் அவன் வாயை மூடிக்கொண்டான்.

மறுநாள் காலையில் மூவரும் ஸ்டேஷனுக்குப் போனோம். இன்ஸ்பெக்டர் துப்பாக்கியை ஆசையாகக் கையில் வாங்கினார். "பழைய காலத்து வேலைப்பாடு!" என்று லீவரை ஒதுக்கினார். குழல் மடேரென்று மேஜையில் விழுந்தது. லீவர் ஒதுங்கியது ஒதுங்கியபடியே நின்றது. வலது குதிரை (மாற்றி மாட்டியதால் இடது என்றும் சொல்லலாம்) கழன்று உருண்டு அங்கிருந்த பீரோவுக்கு அடியில் போனது. ஒரு கான்ஸ்டபிள் மண்டியிட்டுத் தேடத் தொடங்கினார்.

"இதை யாரு பிரிச்சது?"

முத்துப்பாண்டி என்னைப் பார்த்தான். மாமா எழுந்தார். "நான்தான்யா தொடச்சேன். கண்ணு தெரியல."

இன்ஸ்பெக்டர் முகம் இளகியது. "உங்க துப்பாக்கிய நீங்க தொடைக்கிறதுல என்ன தப்பு பெரியவரே? கடையில சரி பண்ணிக் கொண்டாந்து காட்டுங்க. மத்ததெல்லாம் நல்லாருக்குன்னு எழுதிடுறேன்."

பேனாவைத் திறந்தார். காரியம் முடிந்தது. நான் சும்மா இருந்திருந்தால் முடிந்தேயிருக்கும்.

"ஒரு சின்னத் திருத்தம் சார்" என்றது ஒரு குரல். என்னுடையதுதான். "துடைப்பது வேறு, பிரிப்பது வேறு. உரிமதாரரே ஆனாலும் பிரித்து மாட்டுவது விதிப்படி கூடாது. பழுதான நிலையில் பரிந்துரை எழுதுவதும் முறையல்ல."

பேனா மூடியது. பீரோவுக்கு அடியிலிருந்த கான்ஸ்டபிள்கூடத் தலையை வெளியே நீட்டி என்னைப் பார்த்தார்.

"அப்போ பெரியவர் மேல நடவடிக்கை எடுக்கணும்ங்கிறீங்க?"

மாமா என்னைப் பார்க்கவில்லை. கைத்தடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் தாங்கவில்லை.

"பிரித்தது நான் சார்" என்றேன்.

"உங்களுக்கு உரிமம் இருக்கா?"

"இல்லை."

"விதி தெரியுமா?"

"இப்போதுதானே சொன்னேன்."

மாமா கும்பிட்டார். "அய்யா, கேஸு கீஸு போட்டுறாதீக. அவருக்கு எழுத மட்டுந்தான் வரும். அத அவருகிட்டச் சொல்லாம விட்டது எங்க தப்பு."

இன்ஸ்பெக்டர் அடக்கிப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டார். கேஸ் இல்லை. ஆனால் நான் சொன்ன முறைப்படியே மனு திரும்பி வந்தது. துப்பாக்கி கடைக்குப் போய், குதிரைகள் இடம் மாறி, கடைக்காரர் சான்றுடன் வந்து, உரிமம் முத்துப்பாண்டி பெயருக்கு மாறுவதற்குள் ஒரு பருவத்துக் கடலை முழுவதையும் பன்றிகள் நிதானமாகச் சாப்பிட்டு முடித்தன.

இப்போது எங்கள் வீட்டில் மோட்டாரோ மிக்சியோ நின்றால் என் மனைவி எலக்ட்ரீசியனிடம் பழுதைப் பற்றிப் போனில் விளக்குவதே இல்லை. "அண்ணே, உடனே வாங்க. இவரு முறையா எப்படிச் செய்யணும்னு சொல்ல ஆரம்பிச்சுட்டாரு" என்பாள்.

அவரும் பசுமலையிலிருந்து ஓடி வந்துவிடுகிறார். வந்ததும் முதலில் என் கையைத்தான் பார்க்கிறார்.