தயார் நிலையில் ஒரு வீடு

அன்பை அலுவலக நேரத்துக்குள் அடக்கிக் காட்டிய நிறுவனம் உலகிலேயே எங்களுடையது ஒன்றுதான். பெற்றோரில்லாத குழந்தைகளுக்கு வளர்ப்புக் குடும்பங்களைத் தேடிப் பிடிப்பதும், பிடித்தவை கைநழுவாமல் பார்த்துக்கொள்வதும் எங்கள் புனிதப் பணி.

"குடும்பங்களைத் தக்கவைக்கும்" கூட்டத்துக்கு வந்திருந்தோர்: இயக்குநர், துணை இயக்குநர், விமானத்தில் வந்த ஆலோசகர், புகைப்படக்காரர், குழந்தைகள் விடுதியின் காப்பாளர் அம்மாள், குறிப்பெடுக்க நான், கேடயம் வாங்க அழைக்கப்பட்ட வளர்ப்புத் தாய் ஒருத்தி. அவள் மடியில் ஐந்து வயதுப் பெண் குழந்தையும் இருந்தது. தனி நாற்காலியில் உட்காராததால் அதை வருகைக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஆலோசகர் தொண்டையைச் செருமினார். "தயார் நிலையில எத்தனை வீடு இருக்கு?"

"ஒண்ணும் இல்ல சார்," என்றார் துணை இயக்குநர்.

இயக்குநருக்கு வியர்த்தது. ஏசிக்கு நேர் கீழே உட்கார்ந்து வியர்ப்பதற்குத் தனித் தகுதி வேண்டும். "என்னய்யா சொல்றே? போன வருஷம் பன்னெண்டு காட்டினோமே!"

"பன்னெண்டுலயும் குழந்தைய விட்டுட்டோம் சார்."

"யாரைக் கேட்டு விட்டீங்க?"

இவ்வளவு பெரிய தவறு எங்கள் அலுவலகத்தில் அதற்கு முன் நடந்ததில்லை. குழந்தை இல்லாத வீட்டைத்தான் "தயார் நிலை" என்போம். குழந்தை புகுந்த வீடு நிரம்பிய வீடு. மேலிடம் கேட்கும் எண்ணிக்கையில் அது வராது. எண்ணிக்கை சரிந்தால் இயக்குநரின் நாற்காலி ஆடும்.

ஆலோசகர்தான் வழி கண்டார். விமானச் செலவு வீண்போகவில்லை. "சிம்பிள். குழந்தைங்கள விடுதிக்கே கூட்டிட்டு வந்துடுங்க. பன்னெண்டு வீடும் தயார்."

கை தட்டினோம். வளர்ப்புத் தாய் மட்டும் தட்டவில்லை. அவள் கை குழந்தையைச் சுற்றியிருந்தது.

"சார், இவ வந்த புதுசுல கதவைச் சாத்தினாலே அலறுவா. வீட்ல ஒரு கதவையும் சாத்தாமதான் இருந்தோம், குளியலறை உள்பட. என் வீட்டுக்காரர் யாரும் வந்துடக் கூடாதுன்னு பாடிக்கிட்டே குளிப்பாரு. போன வாரம்தான் முதல் தடவையா இவளே ஒரு கதவைச் சாத்தினா."

"ரொம்ப சந்தோஷம்மா," என்றார் இயக்குநர். "அவ்வளவு நல்ல வீடு. அதைப் போய் ஒரு குழந்தைய வச்சு அடைச்சிட்டீங்களே!"

"எப்ப சார் திருப்பித் தருவீங்க?"

"தயார் வீடுங்க எண்ணிக்கை குறையாதுன்னா உடனே தந்துடுவோம்."

"தந்தா குறையுமே சார்."

"பாத்தீங்களா, உங்களுக்கே புரியுது!"

"சிறந்த தயார் இல்லம்" கேடயம் வந்தது. புகைப்படக்காரர் குனிந்தார். "பாப்பா, கொஞ்சம் தள்ளி நில்லு. வீடு காலின்னு தெரியணும்."

"நானும் அம்மாகூட நிக்கறேன் அங்கிள்."

"அடுத்த படத்துல, கண்ணு."

அடுத்த படம் எடுக்கவில்லை.

எங்கள் கேடயம் கனமானது, தாங்க இரண்டு கையும் வேண்டும். குழந்தையைப் பிடித்திருந்த கை அப்படித்தான் விடுபட்டது. காப்பாளர் அம்மாள் அந்த நொடியில் தன் கடமையைச் செய்தார்; குழந்தையின் கையைப் பிடித்து விடுதியை நோக்கி நடந்தார்.

"இருங்கம்மா, நானும் கூட வர்றேன்!" என்று பின்னாலேயே ஓடினாள் வளர்ப்புத் தாய்.

"குடும்பத்துக்காரங்களுக்கு உள்ள அனுமதி இல்ல."

எங்களுக்குக் குடும்பங்களைத் தக்கவைக்கத் தெரியவில்லை என்று வெளியே ஏசுகிறார்கள். ஏசட்டும். குழந்தைகளைத் தக்கவைப்பதில் எங்களை மிஞ்ச ஆளில்லை. நடைபாதையின் கோடியில், அந்தச் சின்ன முதுகுக்குப் பின்னால் விடுதிக் கதவைச் சாத்தினார்கள். அலறல் கேட்டது. பூட்டினார்கள்.